ரீஜெண்ட்ஸ் மேசையில் மாணவருக்கு ஒரு வாக்கு, ஆசிரியருக்கு இரண்டு நாற்காலி

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்கு ரீஜெண்ட்ஸ் என்று பெயர். ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் என ஆண்டுக்கு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் கூடுகிறது. பத்து வளாகங்களின் கல்விக் கட்டணம், சேர்க்கை விதி, புதுக் கட்டடம், மருத்துவமனைகள், ஓய்வூதிய நிதியின் முதலீடு எல்லாமே கடைசியில் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும். பிள்ளையை பெர்க்லியிலோ சான் டியேகோவிலோ படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் கட்டணச் சீட்டை நன்றாகப் பார்க்கிறார்கள். அந்தத் தொகையை முடிவு செய்யும் இடத்தில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் என்ன பிடி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பிடி எவ்வளவு உறுதி, எங்கே வழுக்குகிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு சேவையை எடைபோடுவது போலவே இங்கே பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் ஆளுநர் வேந்தர், அவருக்குக் கீழே துணைவேந்தர், முடிவெடுக்க சிண்டிகேட் என்று பழகியவர்களுக்கு இங்கே எல்லாம் இடம் மாறியிருக்கும். கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் வென்று வருபவர். நம் முதலமைச்சருக்கு இணையானவர். பதவி வழியில் அவரே ரீஜெண்ட்ஸ் குழுவின் தலைவர். பல்கலைக்கழகம் முழுவதையும் நடத்துபவர் பிரெசிடெண்ட். நம் துணைவேந்தர் போல ஒரு வளாகத்தை நடத்துபவர் சான்சலர். செனட் என்றால் இங்கே ஆசிரியர்களின் அவை. சென்னைப் பல்கலைக்கழக செனட்டை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி புரியாது.

குழுவில் வாக்கு உள்ளவர்கள் 26 பேர். 18 பேரை ஆளுநர் நியமிக்கிறார், மாநில மேலவை ஒப்புதல் தருகிறது, பதவிக்காலம் 12 ஆண்டு. 7 பேர் பதவி வழியில் வருபவர்கள்: ஆளுநர், துணை ஆளுநர், சட்டமன்ற அவைத்தலைவர், பள்ளிக் கல்விக் கண்காணிப்பாளர், முன்னாள் மாணவர் சங்கங்களின் தலைவர், துணைத்தலைவர், பிறகு பல்கலைக்கழக பிரெசிடெண்ட். இருபத்தாறாவது ஆள்தான் மாணவர். அதே மேசையில் செனட்டின் தலைவரும் துணைத்தலைவரும் ஆசிரியர் பிரதிநிதிகளாக உட்காருகிறார்கள். பேசலாம், வாக்கு கிடையாது. அலுவலக ஊழியர்களின் சார்பாகவும் இரண்டு ஆலோசகர்கள் உண்டு, அவர்களுக்கும் வாக்கு இல்லை.

இந்த ஏற்பாடு 1974 நவம்பர் தேர்தலில் பிறந்தது. அன்று வாக்காளர்கள் ஏற்ற 4-ஆம் முன்மொழிவு மாநில அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவைத் திருத்தியது. ரீஜெண்டுகளின் பதவிக்காலம் 16 ஆண்டிலிருந்து 12 ஆனது. கூடவே, ஒரு மாணவரையும் ஓர் ஆசிரியரையும் முழு உரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும் வந்தது. இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம், இருவரையும் எடுத்துக்கொள்ளலாம். பதவிக்காலம் குறைந்தது ஓராண்டு, தொடக்கம் ஜூலை 1. மாணவர் பாதியை ரீஜெண்ட்ஸ் உடனே பயன்படுத்தினார்கள். 1975-இல் கேரல் மாக் முதல் மாணவர் ரீஜெண்ட் ஆனார். ஆசிரியர் பாதி ஏட்டிலேயே இருக்கிறது.

அந்தச் சட்ட வாசகத்தில் "தங்கள் விருப்பப்படி" என்ற பொருள்படும் சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர் இடம் அரசியல் சட்டம் கட்டாயமாகக் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுதோறும் அழைத்து உட்கார வைப்பது ரீஜெண்ட்ஸ்தான். ஐம்பது ஆண்டு வழக்கம் வலுவானதுதான், ஆனாலும் வழக்கம் வேறு உரிமை வேறு. கட்டாயம் என்று எழுதியிருந்தால் இந்த மதிப்புரையில் மாணவர் இடத்துக்கு இன்னும் ஒரு மதிப்பெண் கூடியிருக்கும்.

மாணவர் இடத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம்? இளநிலை, முதுநிலை, ஆய்வு, சட்டம், மருத்துவம் என எந்தப் பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம். பத்து வளாகங்களின் மாணவர் அமைப்புகள் முதல் சலிப்பைச் செய்து சில பெயர்களை இறுதிப் பட்டியலாக அனுப்பும். பிறகு ரீஜெண்டுகளின் சிறப்புக் குழு ஒன்று நேர்காணல் நடத்தி ஒருவரைப் பரிந்துரைக்கும். முழுக்குழு வாக்களித்து நியமிக்கும். நியமனமானதும் வாக்கு வந்துவிடாது. முதல் ஓராண்டு 'டெசிக்னேட்', அதாவது அடுத்து வரவிருப்பவர் என்ற நிலை. பேசலாம், ஆவணங்கள் எல்லாம் வரும், வாக்கு இல்லை. அடுத்த ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை முழு ரீஜெண்ட். சம்பளம் கிடையாது (மற்ற ரீஜெண்டுகளுக்கும் கிடையாது), பயணச் செலவு உண்டு, அந்த ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி. மற்ற அரசுப் பொறுப்பாளர்களைப் போலவே தன் பொருளாதார நலன்களை வெளியிடும் படிவமும் தர வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் பதிவு விதி. பதவியில் இருக்கும் காலத்தில் ஒவ்வொரு வழக்கமான பருவத்திலும் மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. பெர்க்லியிலும் மெர்செடிலும் செமஸ்டர் முறை, ஆண்டுக்கு இரண்டு பருவம்தான். பெரும்பாலான மற்ற வளாகங்களில் குவார்ட்டர் முறை. இலையுதிர், குளிர், வசந்தம் என மூன்று பருவம். இடையில் ஒரு குவார்ட்டர் விடுப்பு எடுத்து பயிற்சி வேலைக்குப் போவது மற்ற மாணவர்களுக்குச் சாதாரணம். மாணவர் ரீஜெண்டுக்கு அது பதவியையே கேள்விக்குள்ளாக்கும். டெசிக்னேட் ஆண்டையும் சேர்த்தால் விண்ணப்பிக்கும் நாளில் கையில் இரண்டு ஆண்டுக்கு மேல் படிப்பு மிச்சம் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் நடுவில் யோசிக்கத் தொடங்கும் இளநிலை மாணவருக்குக் காலம் கடந்துவிட்டது. ஆய்வு மாணவர்களும் தொழிற்படிப்பு மாணவர்களும் இந்த இடத்துக்கு அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலாம் ஆண்டு மாணவரின் விடுதிப் பிரச்சினை மேசையில் மங்கலாகக் கேட்பதும் இதனால்தான். விருப்பமுள்ளவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே வளாக மாணவர் சங்கத்தின் வெளியுறவுப் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்து அந்த ஆண்டின் கால அட்டவணையைக் கேட்டுவிடுவது நல்லது.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறு கூட்டங்கள், கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 12 முதல் 18 நாள் கூட்ட அறைக்கே போய்விடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் படிக்க வேண்டிய ஆவணங்கள் நூற்றுக்கணக்கான பக்கம். வளாகங்களுக்குப் போய் மாணவர்களைச் சந்திப்பது தனி. ஆய்வகத்தில் தொடர் சோதனை நடத்தும் மாணவர் தன் வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசாமல் இதில் இறங்கக் கூடாது.

டெசிக்னேட் ஆண்டைப் பலர் வீண் காத்திருப்பு என்று குறை சொல்கிறார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் மிகவும் யோசித்துச் செய்யப்பட்ட பாகம் இதுதான். காரணம் ஜூலை. புது மாணவர் ரீஜெண்டின் வாக்கு ஜூலை 1-இல் உயிர் பெறுகிறது. அந்த மாதமே பெரிய வாக்கெடுப்பு வந்து நிற்கலாம். 1995 ஜூலை 20 அன்று சேர்க்கையிலும் வேலை நியமனத்திலும் இனம், பாலினம் கருதும் முறையை ரீஜெண்ட்ஸ் ஒழித்தார்கள். சேர்க்கை பற்றிய தீர்மானம் 14-க்கு 10, நியமனமும் ஒப்பந்தமும் பற்றியது 15-க்கு 10. 2021 ஜூலையில் கட்டண நிலைப்புத் திட்டம் 20-க்கு 4 என்று நிறைவேறியது. இரண்டு நாளிலும் மாணவர் வாக்கின் வயது ஒரு மாதத்துக்கும் குறைவு. ஓராண்டு உட்கார்ந்து பழகியிராவிட்டால் அந்த வாக்கு வெறும் கை தூக்கலாகத்தான் இருந்திருக்கும்.

அந்த ஜூலையின் இன்னொரு முகம் அவ்வளவு நல்லதல்ல. ஜூலையில் வளாகங்கள் காலி. மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், மாணவர் சங்கங்களில் புதுப் பொறுப்பாளர்கள் வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும், வளாக நாளிதழ்கள் மெலிந்திருக்கும். மாணவர் வாக்கு மேசையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்க வேண்டிய கூட்டம் அங்கே இல்லை. மாணவர்களை நேரடியாகத் தொடும் தீர்மானங்களை ஜூலையில் வாக்குக்கு விடக்கூடாது என்று ஒரு விதி கேட்டுப் பெறுவது, இன்னொரு மாணவர் இடம் கேட்பதைவிட எளிது. பயனும் அதில்தான் அதிகம்.

ஓராண்டு ஆயுள் என்பதுதான் இந்த இடத்தின் பெரிய பலவீனம். நியமன ரீஜெண்ட் ஒருவர் தன் 12 ஆண்டில் 12 மாணவர் ரீஜெண்டுகள் வந்து போவதைப் பார்க்கிறார். 2021-இல் நிறைவேறிய கட்டணத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேரும் அணிக்குக் கட்டணம் உயரலாம், உயர்வுக்கு உச்சவரம்பு 5 சதவீதம். சேர்ந்த அணிக்கு அதே கட்டணம் ஆறு ஆண்டு வரை மாறாது. இது நடைமுறைக்கு வந்தது 2022 இலையுதிர் பருவத்தில். அந்த வாக்கெடுப்பில் பங்கெடுத்த மாணவர் ரீஜெண்டின் பதவி 2022 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. அந்த விதி வேலை செய்யும் விதத்தைப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் "இது இப்படிக் கோணலாகிறது" என்று சொல்ல அவர் மேசையில் இல்லை. அடுத்தடுத்து வருபவர்கள் குறிப்புகளைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் நேரில் இருந்து பார்த்தவரின் நினைவுக்கு அது ஈடாகாது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த ஒரு வாக்கு மதிப்புள்ளது என்று உறுதியாகச் சொல்லலாம். 26-இல் ஒன்று என்றால் நான்கு சதவீதம்கூட இல்லை. ஆனால் 26 பேரும் ஒருநாளும் ஒன்றாக இருப்பதில்லை. பதவி வழியில் வரும் அரசியல் தலைவர்கள் பல கூட்டங்களுக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில், குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர்களை வளாக வேலைக்கு எடுக்கும் திட்டத்தை ஓராண்டுக்குத் தள்ளிவைத்த வாக்கெடுப்பில் 10 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு, ஒருவர் விலகல். மொத்தம் 17. இரண்டு பேர் பக்கம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் ஒரு வாக்கின் எடை வேறு.

அதைவிட முக்கியமானது, வாக்கோடு சேர்ந்து வரும் மற்ற உரிமைகள். முழு உறுப்பினர் என்பதால் மாணவர் ரீஜெண்ட் துணைக் குழுக்களில் உறுப்பினராகலாம், தீர்மானத்துக்குத் திருத்தம் முன்மொழியலாம், வழிமொழியலாம். வழக்கு, பணியாளர் விவகாரம், நிலம் வாங்குவது போன்றவற்றைப் பேசும் மூடிய அமர்விலும் உட்காரலாம். ரீஜெண்ட்ஸில் உண்மையான வேலை நடப்பது துணைக் குழுக்களில். கல்வி மற்றும் மாணவர் விவகாரக் குழு, நிதி மற்றும் மூலதனக் குழு போன்றவை முதலில் ஒரு விஷயத்தை அலசித் தீர்மானிக்கும். பிறகு அதே கூட்டத் தொடரின் கடைசி நாளில் முழுக்குழு ஒப்புதல் தரும். முழுக்குழுவுக்கு வரும்போது பெரும்பாலும் விவாதம் ஆறியிருக்கும். குழு மட்டத்தில் ஒரு சொல்லை மாற்றுவதும், "உதவித்தொகைக்கு இதில் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்" என்று கேட்டு எண்ணைப் பதிவில் ஏற்றுவதும் இறுதி நாள் எதிர்வாக்கைவிடப் பயன் தரும். வாக்கு அந்த அறைக்குள் போக அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டு இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் மற்றவர்களின் பொறுமையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

தேர்வு முறையைப் பற்றி ஒரு குறை. மாணவர்கள் இவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாணவர் அமைப்புகள் சலித்துக் கொடுத்த பட்டியலிலிருந்து ரீஜெண்ட்ஸே தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது யாரை எதிர்த்து வாக்களிக்க வேண்டி வருமோ அவர்களே நேர்காணல் செய்கிறார்கள். பொறுப்பிலும் அவர் மாணவர்களின் தூதர் கிடையாது. மற்ற ரீஜெண்டுகளைப் போலவே பல்கலைக்கழகம் முழுவதன் நலனுக்கும் கடமைப்பட்டவர். வளாக மாணவர் சங்கம் சொன்னபடி வாக்களிக்கவில்லை என்று சிலர் கோபப்படுவது இந்தக் கடமையை அறியாததால். மாணவர் இடத்துக்குப் பத்துக்கு 7 கொடுக்கலாம்.

ஆசிரியர் பக்கம் நிலைமை சிக்கலானது. முதல் பார்வைக்கு அவர்கள் வலுவாகவே இருக்கிறார்கள். 1919-20-இல் பெர்க்லி ஆசிரியர்கள் கிளர்ந்தெழுந்து பெற்ற அதிகாரம் இன்றும் ரீஜெண்ட்ஸின் விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. பாடங்களை அனுமதிப்பதும் கண்காணிப்பதும் செனட்; ரீஜெண்ட்ஸ் ஒப்புதலுக்கு உட்பட்டு, சேர்க்கை நிபந்தனைகளையும் பட்டத்துக்கான நிபந்தனைகளையும் தீர்மானிப்பதும் செனட். உலகில் மிகச் சில அரசுப் பல்கலைக்கழகங்களில்தான் ஆசிரியர் அவைக்கு இவ்வளவு எழுத்துபூர்வமான அதிகாரம் இருக்கிறது. இவ்வளவு கையில் இருக்கும்போது ஒரே ஒரு வாக்கை வாங்கிக்கொண்டு 26-இல் ஒருவராகக் கரைந்து போவானேன், வெளியே நின்று தனி அவையாகப் பேசுவதே கனமானது என்பது ஒரு பழைய வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. செனட்டின் துணைத்தலைவர் அடுத்த ஆண்டு தலைவராவதால் ஒவ்வொருவரும் மேசையில் இரண்டு ஆண்டு இருக்கிறார். மாணவருக்கு வாய்க்கும் அதே கால அளவு.

ஆனால் "ஒப்புதலுக்கு உட்பட்டு" என்ற அந்த நான்கு விரற்கடை இடைவெளியில்தான் எல்லாம் விழுகிறது. 2020-ஐ எடுத்துக்கொள்வோம். எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளைத் தொடரலாமா என்று செனட்டின் பணிக்குழு ஓராண்டு ஆராய்ந்தது. பல்கலைக்கழகமே தனக்கென ஒரு தேர்வை உருவாக்கட்டும், அதற்கு ஒன்பது ஆண்டு வரை ஆகலாம், அதுவரை இப்போதுள்ளதே இருக்கட்டும் என்பது அதன் பரிந்துரை. ஏப்ரலில் செனட் பேரவை அதை 51-க்கு 0 என்று ஏற்றது. ஐந்து வாரம் கழித்து, மே 21 அன்று, ரீஜெண்ட்ஸ் 23-க்கு 0 என்று எஸ்ஏடி கட்டாயத்தை நிறுத்தி வைத்தார்கள். எந்த முடிவு சரி என்பது தனி வாதம். தேர்வை நீக்கியதால் ஏழை மாணவருக்கு வாசல் அகன்றது என்று வாதிடுவோருக்கும் வலுவான காரணங்கள் உண்டு. ஒரு பொருளின் குறையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்தத் துறையில் செனட்டுக்கு எழுத்துபூர்வமான அதிகாரம் இருக்கிறதோ அதே துறையில் அதன் ஏகமனதான முடிவுக்கு மேசையில் ஒரு வாக்குகூட இல்லை. 23-க்கு 0 என்ற அந்தப் பதிவைப் பின்னாளில் படிப்பவருக்கு, மாறுபட்ட கருத்து ஒன்று இருந்ததே தெரியாது.

ஆசிரியர் வாக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1995-இன் 14-க்கு 10-ஐ எடுத்து, ஆசிரியர் பிரதிநிதிகள் இருவருக்கும் வாக்கு இருந்து இருவரும் எதிர்த்தார்கள் என்று வைத்துக்கொண்டால் 14-க்கு 12. தீர்மானம் அப்போதும் நிறைவேறியிருக்கும். ஆனால் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிற்கும் ஒரு தீர்மானத்தைத் தலைவர் இன்னொரு கூட்டத்துக்கு ஒத்திவைக்கத் தயங்கமாட்டார். அந்தத் தீர்மானங்களை ரீஜெண்ட்ஸே 2001 மே மாதம் திரும்பப் பெற்றார்கள். இடையில் ஆறு ஆண்டு போயிருந்தது. சட்டம் அனுமதிக்கும் ஒரு வாக்கை ஆசிரியர்கள் கேட்டு வாங்க வேண்டும், செனட்டின் தனி அதிகாரத்தையும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இப்போதைய நிலையில் பத்துக்கு 4.

இந்த 4-க்குள்ளும் ஒரு விடுபாடு இருக்கிறது. செனட் என்றால் எல்லா ஆசிரியர்களும் அல்ல. ஒப்பந்தத்தில் கற்பிக்கும் விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் செனட் உறுப்பினர்கள் இல்லை. அவர்களுக்குத் தனித் தொழிற்சங்கம். பல மொழி வகுப்புகளை நடத்துவது அவர்கள்தான். பெர்க்லியில் தமிழ் இருக்கை இருக்கிறது, அதற்குப் புலம்பெயர் தமிழர்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மொழித் துறையில் பேராசிரியரின் குரல் செனட் வழியாக மேசைக்குப் போகும் பாதை ஒன்று இருக்கிறது. பக்கத்து அறையில் தொடக்கநிலை வகுப்பு எடுக்கும் விரிவுரையாளருக்கு அந்தப் பாதை இல்லை. மொழி வகுப்புகள் குறைக்கப்படும்போது ரீஜெண்ட்ஸுக்குக் கடிதம் எழுதுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வகுப்பு நடக்குமா என்பதைத் துறையும் புலத்தின் டீனும் வளாக வரவுசெலவும் முடிவு செய்கின்றன. ரீஜெண்ட்ஸ் மேசைக்கு அது வரவே வராது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே மாநிலத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது: கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (சுருக்கமாகக் கால்ஸ்டேட்) அறங்காவலர் குழு. மொத்தம் 25 பேர், மாணவர் இருவர், ஆசிரியர் ஒருவர். மாணவர்களின் பதவிக்காலம் இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு வாக்கில்லாமல் விவாதிக்கலாம், இரண்டாம் ஆண்டு வாக்கு. ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர் என்று அடுக்கப்பட்டிருக்கும். ஆசிரியருக்கு இங்கே முழு வாக்கு. நிரந்தரப் பணியில் உள்ளவராக இருக்க வேண்டும், மாநில அளவிலான ஆசிரியர் செனட் குறைந்தது இரண்டு பெயர் தர வேண்டும், ஆளுநர் ஒருவரை எடுப்பார், பதவி இரண்டு ஆண்டு. தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைக்குப் பொறுப்பான துணைக் குழுவில் மட்டும் அவர் இடம்பெறக் கூடாது என்று சட்டம் வேலி போட்டிருக்கிறது. தன் சம்பளத்துக்குத் தானே வாக்களிப்பார் என்பதுதான் ஆசிரியர் வாக்குக்கு எதிராக எங்கும் வைக்கப்படும் முதல் வாதம். அதற்கு விடை இப்படி ஒரே வரியில் எழுதிவிடக்கூடியது. கென்டக்கி மாநிலமும் இதேபோல, ஆசிரியர் ஊதியம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆசிரியர் உறுப்பினருக்கு வாக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. கால்ஸ்டேட் முறையின் குறை, சாவி ஆளுநரிடம் இருப்பது. அவர் பெயரை எடுக்கத் தாமதித்தால் நாற்காலி காலியாகவே கிடக்கும். செனட் எத்தனை பெயர் அனுப்பினாலும் பயனில்லை.

ஃபுளோரிடாவில் 2002-இல் மாநில அரசியல் சட்டமே திருத்தப்பட்டு ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் 13 பேர் குழு வந்தது. ஆறு பேர் ஆளுநர் நியமனம், ஐந்து பேர் மாநில ஆளுகைக் குழுவின் நியமனம், மீதி இருவர் ஆசிரியர் செனட் தலைவரும் மாணவர் சங்கத் தலைவரும். இருவருக்கும் வாக்கு. இருவரும் தங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், யாருடைய விருப்பத்தாலும் வந்தவர்கள் இல்லை. எழுத்தில் இதுதான் சிறந்த வடிவம். 2023 ஏப்ரலில் நியூ காலேஜ் ஆஃப் ஃபுளோரிடாவில் ஐந்து ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டபோது வாக்கு 6-க்கு 4. அந்த நான்கில் ஆசிரியர் வாக்கும் மாணவர் வாக்கும் இருந்தன. தடுக்க முடியவில்லை, ஆனால் எவ்வளவு நெருக்கமாக நடந்தது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பதிவில் இருக்கிறது. டெக்சஸில் 2005 முதல் மாணவர் ரீஜெண்ட் உண்டு. ஆளுநர் நியமிக்கிறார், ஓராண்டு, வாக்கு கிடையாது. கலிஃபோர்னியாவின் சமூகக் கல்லூரி மாவட்டங்களில் மாணவர் உறுப்பினர் 'ஆலோசனை வாக்கு' போடலாம். எண்ணிக்கையில் அது சேராது. மூடிய அமர்விலும் இடம் கிடையாது.

இனி வாக்கும் நாற்காலியும் இல்லாத நமக்கு. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாக நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும் என்பது திறந்த கூட்டச் சட்டம். ரீஜெண்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் தனி ஆவணம் கிடைக்கும். பரிந்துரை, பின்னணி, செலவு எல்லாம் அதில் இருக்கும். ஆவணங்களின் தரத்துக்குப் பத்துக்கு 9 தரலாம். ஒரு குடும்பம் தன் கட்டணம் ஏன் உயர்கிறது என்று அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. தலைப்பில் 'விவாதம்' என்று இருக்கிறதா, 'செயல்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய விஷயங்கள் பெரும்பாலும் ஒரு கூட்டத்தில் விவாதமாக வந்து, பின்னால் ஒரு கூட்டத்தில் செயலாகத் திரும்பும். எழுதுவதற்கும் பேசுவதற்கும் உரிய காலம் முதல் வருகை. செயல் என்று வரும்போது வாக்குகள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

பொதுமக்கள் கருத்து நேரம் கூட்டத்தின் தொடக்கத்தில் சிறிது நேரம்தான். பேச விரும்புவோர் அந்தந்தக் கூட்டத்தின் அறிவிப்பில் சொன்னபடி முன்பதிவு செய்ய வேண்டும். ஆட்கள் அதிகமானால் ஆளுக்கு ஒரு நிமிடமாகச் சுருங்கும். ஒரு நிமிடத்தில் நூறு நூற்றிருபது ஆங்கிலச் சொற்களுக்கு மேல் சொல்ல முடியாது. பெயர், வளாகம், உருப்படி எண், ஒரு கோரிக்கை, அதற்கு ஒரு எண் அல்லது ஒரு காரணம் என்று எழுதிவைத்து வாசித்தால் முடிக்கலாம். முன்னுரையோடு தொடங்குபவர்கள் கோரிக்கைக்கு வரும் முன்னே ஒலிவாங்கி அணைந்துவிடும். ரீஜெண்டுகள் அங்கே பதில் சொல்வதும் இல்லை. இதற்குப் பத்துக்கு 4 போதும்.

கடிதம் இதைவிட மேல். ரீஜெண்ட்ஸ் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பும்போது உருப்படி எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அதன் படியை மாணவர் ரீஜெண்டுக்கும், டெசிக்னேட்டுக்கும், சேர்க்கை அல்லது பாடத்திட்டம் பற்றியதாக இருந்தால் செனட் தலைவருக்கும் அனுப்புங்கள். டெசிக்னேட்டை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதும் விஷயம் வாக்குக்கு வரும் நாளில் வாக்கு அவர் கையில் இருக்கக்கூடும்.